மச்சாளின் மேற்குச் சுவர்

தன் மச்சாள் பராசக்தியை முந்துவதற்கு மகாதேவிக்கு வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான் வாய்த்தது. அதுவும் எழுபது வயதைத் தாண்டிய பிறகு, சித்திரை மாதத்து வெயிலில், ஒரு முதியோர் மனையின் வாசலில் வாய்த்தது. அந்த வெற்றியை அவள் மழைக்காலம் வரைக்கும் வைத்து அனுபவித்தாள். அதற்குப் பிறகு வாடைக்காற்று எழும்பிவிட்டது.

முதலில் அவளுடைய வயிற்றெரிச்சலைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்கும் அவளுடைய கலியாணத்துக்கும் ஒரே வயது. உரும்பிராயில் பஞ்சலிங்கத்துக்கு வாழ்க்கைப்பட்டு அவள் வந்தபோது, அந்தக் குடும்பத்தின் நல்ல காணி, செம்மண் தோட்டமும் வற்றாத கிணறுமாக, பஞ்சலிங்கத்தின் தமக்கை பராசக்திக்குச் சீதனமாகப் போய்விட்டிருந்தது. பெண்ணுக்குத்தான் காணி என்பது ஊர் வழக்கம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் தம்பிக்கு மிஞ்சியது கல்லுப் பூமி. மகாதேவி அந்தக் கல்லைக் கிண்டி, உரத்துக்குக் குழை தாழ்த்து, தண்ணீர் சுமந்து, வெங்காயமும் மிளகாயும் விளைவித்தாள். அவள் கை பட்டால் காய்ந்த தடியும் துளிர்க்கும் என்று பேர் எடுத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பராசக்தி கதைத்துக்கொண்டே விதையை எறிந்துவிட்டுப் போவாள். அதுவும் முளைக்கும். மகாதேவிக்குப் பொறுக்குமா?

மற்றவையும் அப்படித்தான். பராசக்திக்கு அறுபது வயதிலும் தலைமயிர் முழங்கைக்குக் கீழே தொங்கியது. சண்டைக் காலத்தில் இரண்டு குடும்பமும் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது பராசக்தியின் வீட்டுக்குக் கூரை இருந்தது. மகாதேவியின் வீட்டுக்குச் சுவர்தான் இருந்தது. பராசக்தியின் மகள் இலண்டனிலிருந்து நாள் தவறாமல் தொலைபேசி எடுத்துக் கதைப்பாள். மகாதேவியின் மகன் ஜெர்மனியிலிருந்து ஞாயிற்றுக்கிழமையில் எடுப்பான், அதுவும் நினைவு வந்தால். அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாளென்று அம்மிக் குழவியை எடுத்துத் தன் வயிற்றில் இடித்துக்கொண்டவளைப் பற்றி ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். மகாதேவிக்கு அதில் ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கும் என்றுதான் அவள் நினைத்தாள்.

பராசக்தி ஒருநாளாவது பெருமை பேசியிருந்தால் மகாதேவிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பேசவில்லை. தன் கிணற்றிலிருந்து தம்பியின் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க விட்டாள், மாம்பழம் கொடுத்தனுப்பினாள், பஞ்சலிங்கம் செத்தபோது எட்டாம் நாள் செலவு வரைக்கும் கூடவே கிடந்தாள். இப்படிப்பட்டவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

இருவரும் கணவனை இழந்து தனித்துப்போன பிறகு, கனடாவில் இருக்கும் சோமசேகரம் என்ற உரும்பிராய்க்காரர் தன் தாய் தகப்பன் நினைவாக ஊரிலே ஒரு முதியோர் மனை கட்டினார். சாதாரணக் கட்டடம் இல்லை, பசுமைக் கட்டடம். மண்ணை அழுத்திச் செய்த கல்லால் தடித்த சுவர், இரண்டு தட்டுக் கூரை, வெயிலில் ஓடும் மின்சாரம், மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தொட்டி. காற்றாடியே தேவைப்படாது என்று கொழும்பிலிருந்து வந்து சோதித்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசலில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் இரண்டையும் சேர்த்தே கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

மனைக்குப் பொறுப்பாக இருந்த சுபாஜினி, முதலில் வருகிறவர்கள் விரும்பிய அறையை எடுக்கலாம் என்று சொல்லியிருந்தாள். ஒரு அறையில் ஒருவர்தான். மகாதேவி விடியவே ஓட்டோ பிடித்து வந்து இறங்கினாள். அறை அறையாகப் போய்ச் சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். வடக்குப் பக்கம் வேம்பு நிழலில் இருந்த அறை அந்தச் சித்திரை வெக்கையிலும் கிணற்றடி போலக் குளிர்ந்து கிடந்தது. கூரைக்குக் கீழே, சூட்டுக் காற்று வெளியே போவதற்கென்று, மூடமுடியாதபடி பலகைகளைச் சரித்து வைத்து ஒரு நீள இடைவெளி விட்டிருந்தார்கள். அதன் வழியாகக் காற்று வந்து தலையைத் தடவியது. மகாதேவி தன் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, பைக்குப் பக்கத்தில் தானும் இருந்துகொண்டாள்.

பராசக்தி கோவிலுக்குப் போய்விட்டு மத்தியானம்தான் வந்தாள். மிஞ்சியிருந்தது மேற்குக் கோடியில் இருந்த அறை. பெரிய அறைதான், ஆனால் யன்னல் சின்னது. மத்தியானம் திரும்பினால் வெயில் முழுவதும் அந்தப் பக்கத்துத் தடித்த சுவரில்தான் விழும். அது பகலெல்லாம் சூட்டைக் குடித்துவிட்டு இரவெல்லாம் கக்கும். யாரும் வேண்டாமென்று விட்ட அறை அது. பராசக்தி போய்ச் சாமிப் படத்தை மாட்டி விளக்கு ஏற்றினாள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கோடை மகாதேவிக்குத் திருவிழாவாகப் போனது. பின்னேரங்களில் பராசக்தி விறாந்தைக்குக் கதிரையை இழுத்து வந்து ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருப்பாள். மகாதேவி வேலை மினக்கெட்டு அந்தப் பக்கமாக ஒரு நடை போவாள். "என்ன மச்சாள், சரியான வெக்கையோ? எனக்கெண்டால் போர்வை தேடவேண்டிக் கிடக்கு" என்பாள். பராசக்தி, நல்லதாய்ப் போச்சு என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புத்தான் மகாதேவியின் பாயசத்தில் கிடந்த ஒரேயொரு கல்.

ஆடிப் பட்டம் தேடி விதைக்காவிட்டால் அவளுக்குக் கை ஊறும். சமையல் நடக்கும் குசினிக்குப் பின்னால், கட்டடத்தின் தென்மேற்கு மூலையில், சுபாஜினியிடம் கேட்டு ஒரு பந்தல் போட்டு அவரைக் கொடி நட்டாள். ஐப்பசி மழைக்கு அது அடித்துப் பிடித்துக்கொண்டு படர்ந்தது.

கார்த்திகை பிறந்தது. மழை கொஞ்சம் விட்டது, வாடை எழும்பியது. வடக்கிலிருந்து வரும் அந்தக் காற்றுக்கு அந்தக் கட்டடத்தில் நேரான வழி ஒன்றுதான் இருந்தது. அது மகாதேவியின் தலைமாட்டுக்கு மேலே, மூடமுடியாதபடி சரித்து வைத்த அந்தப் பலகைகளுக்கு நடுவால் போனது. கட்டியவர் பனி கொட்டும் நாட்டிலிருந்து வந்தவர். மார்கழியிலும் அரைக்கைச் சட்டையோடு திரிந்துவிட்டுப் போனவர். யாழ்ப்பாணத்தில் கிழவிகளுக்குக் குளிரும் என்று அவருக்கு யார் சொல்வது? மகாதேவி இரண்டு போர்வை போர்த்தாள், காலுறை போட்டாள், தலையில் துவாய் கட்டினாள். முழங்கால் இரண்டும் விறைத்து, விடியப் பிடித்துக்கொண்டு எழும்பவேண்டி வந்தது. கதிரையில் ஏறிப் பழைய சேலை ஒன்றை அந்த இடைவெளியில் அடைத்தாள். சுபாஜினி கண்டுவிட்டு இழுத்து எடுத்தாள். காற்றோட்டம் நின்றால் மண்சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், நெஞ்சுக்குக் கூடாது, மார்கழியில் சான்றிதழைப் புதுப்பிக்க ஆட்கள் வருகிறார்கள் என்று தன்மையாகத்தான் சொன்னாள். தன்மையாகச் சொன்னதால் திட்டவும் முடியவில்லை.

ஒரு பின்னேரம் மேற்குக் கோடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மகாதேவி மெல்ல நடந்து போய் எட்டிப் பார்த்தாள். மனையிலிருந்த பெண்கள் எல்லோரும் பராசக்தியின் அறையில், நிலத்தில் பாய் விரித்து, அந்த மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வரிசையாக இருந்தார்கள். நடுவில் கோப்பியும் எள்ளுருண்டையும். பராசக்தி நகர்ந்து, வா, வந்து முதுகை வை என்று இடம் விட்டாள். மகாதேவி இருந்தாள். சுவரில் முதுகு பட்டது.

அந்தச் சூடு மெல்ல மெல்ல முதுகுத்தண்டில் இறங்கி, இடுப்பைத் தொட்டு, முழங்கால் வரைக்கும் போனது. கார்த்திகை பிறந்ததற்கு அன்றைக்குத்தான் அவள் உடம்பு தளர்ந்தது. அந்தச் சுகத்திலேயே அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. தான் தேடி ஓடிப்பிடித்தது வாடைக்கிடங்கு. மச்சாள் கோவில் சுற்றிவிட்டு ஆறுதலாக வந்து எடுத்தது இந்தச் சுவர். எறிந்த விதை மறுபடியும் முளைத்துவிட்டது. மகாதேவி கோப்பியைக்கூட முடிக்காமல், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போனாள்.

அறையை மாற்றித் தாருங்கள் என்று கேட்டால் பராசக்தி தந்திருப்பாள். அதனால்தான் மகாதேவியால் கேட்க முடியவில்லை.

இரண்டு நாள் படுக்கையில் புரண்டு யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் குசினியில் கேட்டுத் தும்புக் கயிறு வாங்கினாள். பந்தலில் இடம் காணாமல் தவித்துக்கொண்டிருந்த அவரைக் கொடியின் நுனிகளைப் பிரித்து எடுத்து, கயிற்றில் சுற்றி, மேற்குச் சுவரின் பக்கம் திருப்பிவிட்டாள். கொடிக்கு வெயில் கண்ட பக்கம் போகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தினமும் காலையில் வந்து புது நுனிகளைப் பார்த்துப் பார்த்துக் கட்டுவாள். உரும்பிராயில் எந்தக் குழந்தைக்கும் அவ்வளவு கவனமாகத் தலை பின்னியிருக்க மாட்டார்கள். மார்கழி நடுவில் சுவரின் ஒரு சாண் கூட வெளியே தெரியவில்லை. இலைக்கு மேல் இலையாக மூடி, ஊதாப் பூவும் பிஞ்சுமாகத் தொங்கியது.

எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள். மச்சாளுக்கு வருகிற சித்திரையில் வெக்கை தெரியக்கூடாதென்று எவ்வளவு கரிசனை என்றார்கள். மகாதேவி மறுக்கவில்லை.

சான்றிதழ் புதுப்பிக்க வந்தவன் தேனுஜன் என்று ஒரு இளம் பொறியியலாளன். சூடு அளக்கும் கருவியை அறைக்கு அறை பிடித்துப் பார்த்தான். மேற்குப் பக்கம் வந்ததும் அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. செலவில்லாமல் சுவருக்கு நிழல், அதிலே சாப்பாடும் என்று வியந்தான். கொடிக்குப் பக்கத்தில் மகாதேவியை நிறுத்திப் படம் எடுத்தான். "அம்மா, ஒருத்தரையும் இதை வெட்ட விடாதேங்கோ. இது என்ரை அறிக்கையிலை வருகுது" என்று சொல்லிவிட்டுப் போனான். பராசக்தி சின்ன யன்னலுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அந்த யன்னலிலும் பாதிக்குமேல் இலைதான்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். பராசக்தியின் அறைக்கு வெயிலின் அருமை நிழலில் தெரிந்தது. சுவர் ஆறிப்போனது. பெண்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தி, சாப்பாட்டு அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடத் தொடங்கினார்கள். பராசக்திக்குப் பழைய முட்டு வருத்தம் திரும்பவும் வந்து, மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சு விசிலடித்தது. பின்னேரங்களில் அவள் பழக்கத்தில் சுவரோடு போய் இருப்பாள். ஓரிடத்தில் முதுகை வைத்துப் பார்ப்பாள், பிறகு கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பாள், அடைகாக்க இடம் தேடும் கோழியைப் போல.

அதைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்த மகாதேவிக்கு முதலில் மனம் குளிர்ந்தது. இப்போது இருவருக்கும் சரிக்குச் சரி, அவளுக்கும் குளிரட்டும் என்று சந்தோசப்பட்டாள். அந்தச் சந்தோசம் ஒரு கிழமைகூட நின்றுபிடிக்கவில்லை. மச்சாளின் இருமல் நடை முழுவதும் கேட்டது, முழங்கால் முன்பிருந்தது போலவே விறைத்தது. தனக்கு ஒரு சுள்ளிச் சூடுகூட அதிகமாகக் கிடைக்கவில்லை என்பதை அவள் காலம் தாழ்த்தித்தான் கணக்கெடுத்தாள்.

பொங்கலுக்கு முதல் நாள் காலை சுபாஜினி சிரித்த முகத்தோடு வந்து, மேற்கு அறைக்கு உங்களை மாற்றப் போகிறோம் என்றாள். மகாதேவிக்கு விளங்கவில்லை. பராசக்தி அம்மா உங்கள் முழங்காலுக்காகக் கேட்டவர், தான் கேட்டதாகச் சொன்னால் நீங்கள் எடுக்கமாட்டீர்கள் என்று மறைக்கச் சொன்னவர், கனடாவிலிருந்து சம்மதம் வரத்தான் இவ்வளவு நாளும் போனது என்று சுபாஜினி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"எப்ப கேட்டவ?" என்றாள் மகாதேவி.

"கார்த்திகையிலை. நீங்கள் கோப்பி குடிக்காமல் எழும்பிப் போனியளாம், அதுக்கு அடுத்த நாள்."

அது அவள் கயிறு வாங்குவதற்கு முன்பு. சுவர் கொதித்துக்கொண்டிருந்த காலம். மகாதேவி வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தாள். ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது? மத்தியானத்துக்குள் உடுப்புப் பெட்டிகள் மாறிவிட்டன. பராசக்தி மூச்சுக்கு இழுக்கும் பம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வாடை வீசும் வடக்கு அறைக்குள் போனாள். போகிற போக்கில், யன்னல் ஓரம் காலை நீட்டிப் படு, முழங்காலுக்கு நல்லது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விளக்கு வைக்கிற நேரம் மகாதேவி பாயை விரித்து, ஆசைப்பட்ட சுவரில் முதுகைச் சாய்த்தாள். சுவர் தண்ணென்று இருந்தது. வெளியே அவளுடைய அவரை இலைகள் காற்றில் சளசளத்தன. நடைக்கு அந்தப் பக்கம் மச்சாள் இருமினாள். தன் வினை தன்னைச் சுடும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். குளிரவும் வைக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பொங்கலன்று காலை எல்லோரும் முற்றத்தில் கோலம் போட்டு, பானை வைத்து, சூரியனைப் பார்த்துக் கிழக்கே நின்றார்கள். மகாதேவி கடகத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு மேற்குப் பக்கம் போனாள். முதலில் காயெல்லாம் ஆய்ந்தாள். காயோடு நிற்கும் கொடியை வெட்ட அவள் கை ஒருநாளும் சம்மதிக்காது. கடகம் நிறைந்த பிறகு குனிந்து, சுவர்ப் பக்கம் போன கொடிகளை ஒவ்வொன்றாக அடியில் வெட்டி, கயிற்றோடு இழுத்து விழுத்தினாள்.

சுபாஜினி ஓடிவந்தாள். "என்ன வேலை பாக்கிறியள் அம்மா? வெட்ட வேண்டாமெண்டு அந்தத் தம்பி சொன்னவரெல்லே?"

"உது சுவருக்கு விட்டதில்லைப் பிள்ளை. மச்சாளுக்கு விட்டது."

சுபாஜினிக்குப் பின்னால், சேலைத் தலைப்பால் பொங்கல் சிரட்டையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கப் பராசக்தி வந்து நின்றாள். "எனக்கு விட்டதெண்டு நீ கயிறு கட்டின அண்டைக்கே எனக்குத் தெரியும்" என்றாள்.

மகாதேவி கத்தியோடு நிமிர்ந்தாள். "தெரிஞ்சுகொண்டு ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"என்னத்தைப் பேசுறது? என்ரை தம்பியைக் கட்டின நாளிலையிருந்து எனக்கெண்டு நீ கை வைச்சு வளத்தது உது ஒண்டுதான். வடிவாய் வந்துது. பாத்துக்கொண்டிருந்தனான்."

சொல்லிவிட்டுப் பொங்கலை நீட்டினாள். மகாதேவிக்கு அந்த இடத்தில் அழுகை வந்திருக்க வேண்டும். கண்ணும் கொஞ்சம் நனைந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் வந்தது எரிச்சல். கடைசியில் மன்னிப்பதிலும் மச்சாள்தான் முந்திவிட்டாள்.

அதன் பிறகு நடந்ததை மகாதேவியே நடத்தினாள். மேற்கு அறை பெரியது, இரண்டு கட்டில் கொள்ளும், மச்சாளும் மச்சாளும் ஒரு அறையில் கிடந்தால் எந்தச் சான்றிதழ் கிழியும் என்று சுபாஜினியோடு வாதாடினாள். அறைக்கு ஒருவர் என்பது விதி. சுபாஜினி, பனி முடியும் மட்டும் என்று விட்டுக்கொடுத்தாள். அறிக்கையில் போன பச்சைச் சுவரைப் பற்றித் தேனுஜனுக்கு என்ன சொல்வது என்று புலம்பிக்கொண்டு போனாள்.

வடக்கு அறையிலிருந்து கட்டில் வந்தது. எந்தக் கட்டில் எங்கே என்ற பேச்சு வந்தபோது மகாதேவி தானே குனிந்து இழுத்து, மச்சாளின் கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டாள். "முட்டுக்காரி நீங்கள் சுவரோடை படுங்கோ" என்றாள். ஒரு தடவையாவது பராசக்தி வேண்டாம், நீ படு என்று சொல்லுவாள் என எதிர்பார்த்தாள். பராசக்தி ஓம் என்று சொல்லிவிட்டு ஏறிப் படுத்துக்கொண்டாள்.

இலை போன சுவரில் அன்று பின்னேரம் முழுவதும் தை வெயில் நின்றது. பொழுது படும்போது பராசக்தி சுவர்ப் பக்கம் முகத்தை வைத்து, இருமல் இல்லாமல், நல்ல நித்திரையாகிவிட்டாள். மகாதேவி தன் கட்டிலில் கிடந்து அந்தச் சுவரையே பார்த்தாள். தானே இழுத்துப் போட்ட கட்டில், தானே திறந்துவிட்ட வெயில். இருந்தும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாம் என்று கையை நீட்டினாள். சுவர் எட்டவில்லை. கை மச்சாளின் முதுகில் போய் முட்டியது. சுவரின் சூடு அது வரைக்கும் ஏறியிருந்தது. மகாதேவி கையை எடுக்கவில்லை.